கேக் மேசையில் சின்பவுங்

தாமுவேயில் செலின் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. சந்துமுனையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும். "இந்த ரங்கூன்ல இப்படி ஒரு பிஸ்கோத்து எவ போடுவா, சொல்லுங்க பார்ப்போம்!" என்று ஒரு குரல் கூரையைத் தூக்கும். அந்த வீடுதான். கேள்வி அவள் புருஷன் ஆரோக்கியநாதனுக்கு. போட்டாதாங் படகுத்துறையில் நாளெல்லாம் மூட்டை எண்ணிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்திருப்பார். "எவளும் போடமாட்டா" என்பதுதான் அவருடைய நிரந்தரப் பதில். வாய் நிறைய பிஸ்கோத்து இருப்பதால் அது "எவ்வும் போவ்மாத்தா" என்று வெளியே வரும்.

செலினுக்குப் பெருமை பேசுவதில் கஞ்சத்தனமே கிடையாது. தன் பிஸ்கோத்தைப் புகழ்வதைப் போலவே அடுத்த வீட்டு நூர் பீவியின் பிரியாணியையும், எதிர்வீட்டுப் பர்மாக்காரியின் மொஹிங்காவையும் சந்து முழுக்கக் கேட்கும்படி புகழ்வாள். கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே ஏறி நின்று பழகிய தொண்டை பிறகு கீழே இறங்கவேயில்லை.

இவ்வளவு பெரிய குரல்காரிக்கு ஒரே ஒரு மனக்குறை. அது கோயில் கிறிஸ்துமஸ் விற்பனையில் இருந்தது.

விற்பனை நாளில் கோயில் மண்டபத்தின் வாசல் பக்கம் கேக் மேசை போடுவார்கள். வெள்ளைத் துணி, மேலே மின்விசிறி, உட்கார நாற்காலி. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஓர் அட்டை நிற்கும். அட்டையில் பலகாரத்தின் பெயரும் செய்தவர் பெயரும் இருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் கோவாக்காரச் சீமாட்டிகளும் ஆங்கிலோ பர்மியச் சீமாட்டிகளும். தமிழ்ப் பெண்களுக்கு மண்டபத்தின் பின்பக்கம். அங்கே விறகடுப்பு, புகை, கொதிக்கிற எண்ணெய், வடை. வடை சுடச்சுடத் தீரும். "வடை பிரமாதம்" என்று எல்லாரும் சொல்வார்கள். யார் சுட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. வருஷா வருஷம் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே செலின் அந்த அட்டைகளை எட்டிப் பார்ப்பாள்.

"கேக்குக்கெல்லாம் அம்மா பேரு போட்டிருக்கு. நம்ம வடை மட்டும் அநாதையா?" என்று கரண்டியை எண்ணெய்ச் சட்டியில் தட்டுவாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் அந்த மேசையில் ஒரு நாற்காலி காலியானது. மிஸஸ் ஹார்ட்னெல் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். கேக் மேசைக்கு நட்சத்திரமே அவருடைய ருபார்ப் டார்ட்தான். ருபார்ப் என்பது குளிர்ப் பிரதேசத்துச் செடி. பர்மாவில் ஷான் மலைமேல் கலோவில் மட்டும் சில வெள்ளைக்காரத் தோட்டங்களில் உண்டு. அதன் சிவப்புத் தண்டை நறுக்கிச் சர்க்கரையும் ஆரஞ்சும் சேர்த்து, வெண்ணெய் மாவில் ஏந்திச் சுட்டால் டார்ட். மிஸஸ் ஹார்ட்னெல் வீட்டுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தவள் செலின். சமையலறை ஜன்னலோரம்தான் தையல் மெஷின். கால் மெஷினை ஓட்டும், கண் மேசைமேல் இருக்கும். அங்கே வெட்டியெறியும் பெரிய இலைகளை ஒருநாள் அவள் தொடப் போனபோது, "நோ, நோ! லீஃப் பாய்சன், செலின்! பாய்சன்!" என்று மிஸஸ் ஹார்ட்னெல் அலறிய அலறலில் ஊசி ஒடிந்தே போனது.

கோயில் கமிட்டிச் செயலாளர் அகஸ்டின் சார். நம்மூர்த் தமிழர்தான். ஆனால் தமிழ் பேசும்போது மூக்குப் பிடித்துக்கொண்டு மருந்து குடிப்பவர்போல முகத்தை வைத்துக்கொள்வார். கூட்டத்தில் எழுந்து நின்று, "ருபார்ப் டார்ட் இல்லாம... நம்ம சேல்... அது வந்து... இம்பாசிபிள்" என்று பெருமூச்சு விட்டார்.

"நான் போடறேன் சார்" என்றாள் செலின், கடைசி பெஞ்சிலிருந்து.

அகஸ்டின் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உனக்கு ருபார்ப்புன்னா என்னான்னு தெரியுமா?"

"பார்க்கத் தண்டுக்கீரை மாதிரி இருக்கும். கடிச்சா ரெண்டு கண்ணும் மூடிக்கும். பத்து வருஷமா பார்க்கிறேன் சார். ஆனா ஒண்ணு. கேக் மேசைல நாற்காலி வேணும். எம் பேரு எழுதின அட்டை வேணும்."

"ருபார்ப் டார்ட்டோட வந்தா உட்காரு. இல்லேன்னா, வெல்... வழக்கம்போல வடை."

"அட்டைல எழுத்து பெருசா இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள் செலின்.

மறுநாளே தாமுவே மார்க்கெட் முழுக்கச் செய்தி தெரிந்துவிட்டது. வேறு யார் சொல்லியிருக்க முடியும்? கீரைக்காரி முதல் சைக்கா ரிக்‌ஷா மிதிப்பவர் வரை, "என்னா செலினக்கா, கேக் மேசையாமே!" என்று கேட்டார்கள். தோற்றுத் திரும்பி வர ஒரு சந்துகூட மிச்சமில்லாதபடி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

ஆரோக்கியநாதனுக்கு ரயில்வே கார்டு ஒருவர் சினேகிதம். அவர் கலோவிலிருந்து ருபார்ப் கொண்டுவருவதாக ஏற்பாடு. விற்பனைக்கு முந்தின நாள் காலையில் கோணிச் சாக்கில் சுற்றிய கட்டு வந்து சேர்ந்தது. செலின் அந்நேரம் மண்டபத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தாள். அவற்றில் ஒன்றை மட்டும் மூன்று தடவை. வீடு பூட்டியிருந்ததால் அவர் அந்தக் கட்டை நூர் பீவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நூர் பீவி உதவி செய்வதில் யாரும் கேட்கும்வரை காத்திருக்காத பெண். கட்டைப் பிரித்தாள். சிவப்புக் காம்பு. காம்பின் தலையில் பச்சைப் பசேலென்று யானைக்காது மாதிரி இலை. கிள்ளி முகர்ந்தாள். புளிப்பு வாசம். சின்பவுங்கேதான். ரங்கூனில் சின்பவுங் வேகாத வீடு உண்டா? பர்மாக்காரர் சின்பவுங் என்பதை நாம் புளிச்சக்கீரை என்கிறோம். 'மலைச் சின்பவுங் போல, அதான் இம்மாம் பெருசு' என்று நினைத்துக்கொண்டாள். கீரை என்றால் செய்யவேண்டியது ஒன்றுதான். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு இலை கிழியாமல் பொறுமையாக ஆய்ந்தாள். காம்பையெல்லாம் ஆட்டுக்குப் போட்டாள்.

செலின் திரும்பி வந்தபோது நூர் பீவி வாசலில் சிரித்தபடி நின்றாள். "கார்டு வந்தாரு அக்கா. உங்க சாமான் வந்துடுச்சு. நீங்க களைச்சு வருவீங்கன்னு நானே ஆஞ்சு வச்சுட்டேன்."

"என்னத்தை ஆஞ்சே?"

"கீரையை. என்னா இலை, அக்கா! ஒரு எலைல ஒரு ஆளு படுக்கலாம். எங்க வூட்டுக்கும் ஒரு கை எடுத்தேன், கோவிச்சுக்காதீங்க. இறாலு போட்டு அடுப்புல கெடக்கு."

செலின் செருப்போடு நூர் பீவியின் சமையலறைக்குள் பாய்ந்தாள். சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக் கொல்லைச் சாக்கடையில் அப்படியே கவிழ்த்தாள். மூங்கில் குருத்து, காய்ந்த இறால், வதங்கிய இலை எல்லாம் ஓடிப்போயின.

"யா அல்லா! எங்க வூட்டு மனுசருக்குச் சோத்துக்கு என்னா வைப்பேன்? ஒரு கை கீரைக்கா இந்தக் கோவம்?"

"விஷம்டி! அந்த எலை விஷம்! நீ வாயில வச்சியா? புள்ளைங்க வச்சுச்சா?"

நூர் பீவியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "உப்புக்கூடப் பார்க்கலக்கா."

செலின் அடுப்படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். மூச்சு வந்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. "காம்பு எங்கே?"

நூர் பீவி கொல்லைப்பக்கம் பார்த்தாள். செலினும் பார்த்தாள். ஆடு கடைசித் தண்டை வாயோரத்தில் சுருட்டுப்போல வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மூடித் திறந்து மென்றுகொண்டிருந்தது. புளிப்பு அதற்கும் ஏறியிருந்தது.

"எலையத் தின்னுட்டுக் காம்பைத் தூக்கிப் போடறதுதானக்கா ஊரு வழக்கம்!" என்று நூர் பீவி அழ ஆரம்பித்தாள். "காம்பைத் தின்னுட்டு எலையத் தூக்கிப் போடுவாங்கன்னு நான் எங்கே கண்டேன்!"

"நல்லா இருக்குடி நாயம். உன் ஆடு மிஸஸ் ஹார்ட்னெல் ஆயிடுச்சு. நான் வடைக்குப் போறேன்."

சொன்னாளே தவிர எழுந்து போகவில்லை. அவள் கண் சாக்கடை ஓரத்து வேலிமேல் நின்றது. வேலியில் நூர் பீவியின் சின்பவுங் செடி ஒன்று முற்றி நின்றது. இலையெல்லாம் பறித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தவை காய்கள். ஒவ்வொரு காயையும் மூடிக்கொண்டு தடித்த சிவப்பு மடல்கள், இரத்தினச் சிவப்பில். செலின் எழுந்துபோய் ஒரு மடலைப் பிய்த்து வாயில் போட்டாள். இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன.

"நூரு."

"என்னக்கா?"

"இது இன்னும் எங்கே கெடைக்கும்?"

"எங்க லாத்தா மைமூன் வூட்டு வேலி பூராவும் இதுதான். டாலாவுல. காயை யாரு திங்கிறா, வெதைக்குன்னு வுட்டு வச்சிருக்கு."

"மூக்கைச் சிந்து. கூடையை எடு. கெளம்பு."

சம்பான் படகில் ஆற்றைக் கடக்கும்போது நூர் பீவி கூடையைக் கட்டிக்கொண்டு மூக்கைச் சிந்தியபடியே வந்தாள். செலினோ துடுப்புக்காரரிடம் தன் வெண்ணெய் பிஸ்கோத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். டாலாவில் நூர் பீவியின் அக்கா மைமூன் லாத்தா, "காயவா? ரெண்டு பேருக்கும் கிறுக்கா?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது கூடையையும் கொடுத்தார். மூன்று பெண்களும் வேலியை மொட்டையடித்தார்கள். திரும்பும்போது நூர் பீவியின் விரல்கள் மருதாணி இட்டவைபோலச் சிவந்திருந்தன. "இந்தா, கல்யாணப் பொண்ணு!" என்று செலின் கேலி செய்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மாலை முழுவதும் மடலை உரித்தார்கள், விதைக்காயை ஒதுக்கினார்கள். வெள்ளோட்டத்துக்கு ஒரு டார்ட் போட்டுப் பார்த்தாள் செலின். பாழ். ருபார்ப் தண்டு வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். இது சர்க்கரையைக் கண்டதும் அழுது கரைந்து, அடிமாவை நனைத்து, ஓரத்தை உடைத்துக்கொண்டு ஓடியது. ஆரோக்கியநாதன் ஒரு கரண்டி எடுத்துத் தின்று, "நல்லாத்தாம்மா இருக்கு, ரசம் மாதிரி" என்றார். செலின் பார்த்த பார்வையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு மடலைத் தனியாக, தண்ணீரே விடாமல், சர்க்கரையோடு இறுகும்வரை காய்ச்சினாள். மாவுக்கும் பழத்துக்கும் நடுவே டீக்கடை ரஸ்க்கைப் பொடித்துத் தூவினாள், சாற்றை அது குடித்துக்கொள்ளும் என்று. மேலே ஷான் ஆரஞ்சுச் சுளையைத் தோல் நீக்கிப் பரப்பி, எலுமிச்சைத் தோலை வெள்ளை படாமல் துருவிப் போட்டாள். புளிப்பு ஒன்றுதான், வாசம் மூன்று. தகர அச்சு கிடையாது. மிஸஸ் ஹார்ட்னெல் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். செலின் மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் பழத்தை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துச் சோமாசிக்கு மடிப்பதுபோல விரலால் முறுக்கிக்கொண்டே வந்தாள். கிறிஸ்துமஸ் தவறாமல் நூற்றுக்கணக்கில் சோமாசி மடித்த விரல். கயிறு திரித்ததுபோல ஓரம் நின்றது. விடிந்ததும் தகர டப்பா அடுப்பில் கீழே தணல், மூடிமேல் தணல் வைத்து ஒவ்வொன்றாகச் சுட்டு எடுத்தாள். சந்து முழுக்க வெண்ணெயும் ஆரஞ்சும் மணத்தது.

மண்டபத்தில் வெள்ளைத் துணி தயாராக இருந்தது. அட்டையும் தயாராக இருந்தது. 'ருபார்ப் டார்ட். மிஸஸ் செலின் ஆரோக்கியநாதன்.' எழுத்து நிஜமாகவே பெரிது. செலின் அட்டையைப் பார்த்தபடி தட்டுகளை இறக்கினாள். சொல்லவேண்டியதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள், தன் பெயரைப் பார்த்ததும் எல்லாம் மறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து நாற்காலியில் மிஸஸ் லோபோ, கோவாக்கார அம்மாள். அந்த மேசைக்கே தலைவி. தன் பங்குக்கு ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு செலின் காதோரம் குனிந்தார்.

"டார்லிங். இது ருபார்ப் இல்லை."

செலின் நிமிர்ந்தாள்.

"நைஸ். வெரி நைஸ். ஆனா ருபார்ப் இல்லை. நான் சின்னப் பொண்ணுலேருந்து சாப்பிடறேன். ஆனா இங்கே யாருக்குத் தெரியும்? நீ சொல்ல வேண்டாம், நான் சொல்ல வேண்டாம். ஃபினிஷ்." செலின் தொடையில் மெதுவாகத் தட்டினார்.

நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் நாற்காலி அவளுடையது. மேலே விசிறி சுற்றுகிறது. பின்பக்கத்திலிருந்து வடை எண்ணெய்ப் புகை மெல்ல வருகிறது. வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. செலின் மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். பெயர் சரி. அதற்கு மேலே இருப்பது ஆட்டின் வயிற்றில் இருக்கிறது.

"ஆன்ட்டி, இத்தனை வருஷம் பேரில்லாம வடை சுட்டேன். பேரு கெடைச்ச அன்னிக்கு அதுக்குப் பக்கத்துல பொய்யை உட்கார வைக்கவா? நான் ஒண்ணும் திருட்டுச் சாமான் சுடல." எழுந்து நின்றாள். "அகஸ்டின் சார்! இங்கே வாங்க. அட்டையை மாத்தணும்."

அந்தத் தொண்டை மண்டபத்தின் நான்கு சுவரிலும் மோதியது. அகஸ்டின் சார் ஓடி வந்தார்.

"என்ன... என்ன மாத்தணும்?"

"இது ருபார்ப் இல்ல சார். ருபார்ப்பை ஆடு தின்னுடுச்சு. இது சின்பவுங்."

"சின்... பவுங்?" அகஸ்டின் சாரின் மூக்கு தானாகச் சுருங்கியது. "நாத்தமடிக்கிற மீன் நாப்பி போட்டு வதக்குவாங்களே, அந்தக் கீரையா? கேக் மேசையிலயா? ஆர் யு மேட்?"

"கீரை இல்ல சார், காய் மடலு. தின்னு பாத்துட்டுத் திட்டுங்க."

"நமக்குள்ள என்ன பேச்சு செலின்? ருபார்ப்போட வந்தா உட்காருன்னேன். ருபார்ப் எங்கே? தட்டை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போ."

செலின் இரண்டு கையையும் வெள்ளைத் துணிமேல் ஊன்றிக்கொண்டாள். "போறேன் சார். யாரும் வாங்கலேன்னா நானே எடுத்துக்கிட்டுப் போறேன். ஆனா மொதல்ல அட்டையில உள்ளதை உள்ளபடி எழுதுங்க. சனங்க சொல்லட்டும்."

அகஸ்டின் சார் அசையவில்லை. மிஸஸ் லோபோதான் அட்டையை எடுத்துத் திருப்பி, தன் கைப்பையிலிருந்து பேனா எடுத்து, சாய்ந்த எழுத்தில் 'சின்பவுங் டார்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். கீழே பர்மிய எழுத்திலும் எழுதி, அதற்கும் கீழே செலின் பெயரைப் போட்டார். "ஸ்பெல்லிங் கேக்காதே, அகஸ்டின்" என்றார்.

கூட்டம் உள்ளே வந்தது. சீமாட்டிகள் சிலர் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பழக் கேக் பக்கம் நகர்ந்தார்கள். செலின் முகத்தில் சிரிப்பை ஆணியடித்ததுபோல வைத்துக்கொண்டு நின்றாள். தட்டில் ஒரு துண்டும் குறையவில்லை. அகஸ்டின் சார் தூரத்திலிருந்து பின்வாசலைக் கண்ணால் காட்டினார்.

கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் டாவ் சின் மே என்ற பர்மாக்கார அம்மாள் அப்போதுதான் உள்ளே வந்தார். அவர் வழக்கமாகக் கேக் மேசையைத் தாண்டி நேரே வடைக்குப் போகிறவர். அட்டையிலிருந்த பர்மிய எழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சின்பவுங் மோன்லா?" புளிச்சக்காயில் பலகாரமா என்று கேட்டு, வாயைப் பொத்திச் சிரித்தார். செலினும் விடாமல் பர்மியத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். "ஆமா அம்மா, எங்கே, தின்னு பாத்துட்டுச் சிரிங்க!"

டாவ் சின் மே ஒரு துண்டை வாங்கிக் கடித்தார். இரண்டு கண்ணும் இறுக மூடின. ஆரஞ்சு நாக்கில் இறங்கியதும் ஒரு கண் திறந்தது. வெண்ணெய் மாவு கரைந்ததும் மற்றது திறந்தது. வாசல் பக்கம் திரும்பி, தோழிகளைப் பார்த்து, "கவுன்தே! கவுன்தே!" என்று கூவினார். நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு!

அவ்வளவுதான். அந்த மேசையில் இருந்த பண்டங்களின் பெயர் எதுவும் வாயில் நுழையாமல், வருஷா வருஷம் தள்ளியே நின்றவர்களெல்லாம் ஒரு தெரிந்த பெயரைக் கண்டதும் வந்துவிட்டார்கள். பர்மாக்காரப் பெண்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்துத் தமிழ்ப் பெண்கள் வந்தார்கள். "சின்பவுங்கா? நம்ம சின்பவுங்கா?" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நூர் பீவி உள்ளே வந்து, தான் இதற்கு முன் பார்த்தே இராதவள்போல உரக்கக் கேட்டுவிட்டு இரண்டு துண்டு வாங்கினாள். சிரித்துவிட்டு நகர்ந்த சீமாட்டிகளும் திரும்பி வந்தபோது வரிசையின் கடைசியில்தான் இடம் கிடைத்தது. டார்ட் வாங்க வந்தவர்கள் கையோடு பழக் கேக்கையும் வாங்கிப் போனதில் மிஸஸ் லோபோவின் தட்டும் காலி. "இந்த மேசை இப்படிக் காலியானதை நான் பார்த்ததே இல்லை, டார்லிங்" என்று தன் நாற்காலியைச் செலின் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டார். "அடுத்த வருஷம் எனக்கு அந்த ஓரம் மடிக்கக் கத்துக் கொடு."

"கத்துத் தரேன் ஆன்ட்டி. இந்த ரங்கூன்ல அப்படி மடிக்க வேற எவளுக்குத் தெரியும்?"

அகஸ்டின் சார் மைக்கின் முன்னால் நின்று, வழக்கப்படி எல்லாப் பலகாரங்களுக்கும் செய்தவர்களுக்கும் நன்றி சொல்ல ஆரம்பித்தார். கேக்குகள் முடிந்தன. தொண்டையைச் செருமினார். "அப்புறம்... வெல்... ஒரு ஸ்பெஷல் டார்ட்டும் இருந்தது. அதுக்கும் நன்றி."

செலின் நாற்காலியிலிருந்து எழவில்லை. எழவேண்டிய அவசியமும் இல்லாத குரல்.

"என்ன டார்ட்டு சார்? யாரு போட்டது?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஆரோக்கியநாதன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அகஸ்டின் சார் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சின்பவுங் டார்ட். செய்தது... மிஸஸ் செலின் ஆரோக்கியநாதன்" என்றார், யாருக்கோ ரகசியம் சொல்வதைப்போல.

"பின்னாடி வடை சுடறவங்களுக்குக் கேக்கல சார். மைக்குல சொல்லுங்க."

அகஸ்டின் சார் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்தார். சொன்னார். இந்தத் தடவை ஒலிபெருக்கி வழியாக அது முற்றத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போனது. புகைக்குள்ளிருந்து ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாகத் திருப்பிக் கூவின:

"கேட்டுச்சு, செலினு!"